மேஸ்திரியைத் திருப்பி அனுப்பவும்

வேலம்பாளையம்
5 ஆகஸ்ட் 2024

தம்பி செல்வக்குமாருக்கு,

நீ என் நாயைத் திருடிவிட்டாய்.

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. முறையை முதலில் மீறியவன் நீ. அதனால் அதைக் கடைசியில் கேட்கிறேன்.

ஆடி நோம்பிக்கு விருந்தாளியாக வந்தாய். உனக்காகக் கச்சாயம் சுட்டேன். நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன நேரம் பார்த்து மேஸ்திரியை ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு குண்டடத்துக்குப் போய்விட்டாய். குளித்துவிட்டு வந்து கையை நீட்டுகிறேன், அவன் தலை இருக்க வேண்டிய இடத்தில் மடக்குகிற வெள்ளைக் கோல் ஒன்று சாய்த்து வைத்திருக்கிறது. மாட்டுத் திருடன்கூட மாட்டை ஓட்டிக்கொண்டு போவானே தவிர, கட்டுத்தறியில் ஒரு குச்சியை வைத்து வீட்டுக்காரியைக் கேலி செய்ய மாட்டான்.

முப்பத்தொரு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் என் கண்ணையும் காதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனது. அது காய்ச்சல், அதற்கு மனசாட்சி கிடையாது. நீ கூடப் பிறந்தவன்.

நாட்டு நாய்க்குட்டியை வழிகாட்டப் பழக்க முடியாது என்று கால்நடை டாக்டர் என் உள்ளங்கையில் விரலால் எழுதினார். நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். குழி வந்தால் உட்காரு, வண்டி வந்தால் குறுக்கே நில், டீக்கடை வந்தால் முழங்காலை முட்டு. எல்லாம் நானே யோசித்தது, நானே பழக்கியது. எலாஸ்டிக் நாடாவையும் உடைந்த குடையின் கைப்பிடியையும் வைத்து அவனுக்குப் பட்டை தைத்தவளும் நான்தான். அந்தக் கைப்பிடி வழியாகத்தான் அவன் நடை எனக்குத் தெரியும். பத்துப் பேரை வேலை வாங்குகிறவன் நடை. அதனால்தான் மேஸ்திரி என்று பெயர் வைத்தேன். அவனைப் பிடித்துக்கொண்டுதான் பனியன் கம்பெனிக்கு மடிப்பு வேலைக்குப் போகிறேன். அவன் வந்த பிறகு யார் கையையும் பிடித்துக்கொண்டு நான் தெருவில் நடந்ததில்லை. இனிமேலும் நடப்பதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து விடு. உன் மகள் ஜோதிகா வாங்கிக் கொடுத்த பிரெய்ல் புள்ளிப் பெட்டியை என் போனோடு மாட்டி வைத்திருக்கிறேன். நீ எழுதுவது உடனே என் விரலுக்கு அடியில் எழும்பும். பொய் எழுதினால் அதுவும் எழும்பும்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சித்ரகலாவும் ஜோதிகாவும் நலமா?

நாயைப் பறிகொடுத்த உன் அக்கா,
நஞ்சம்மாள்


குண்டடம்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். முழங்கால் பரவாயில்லை. நீங்கள் தெம்பாக இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் தனியாக விசாரிக்கவில்லை.

திருட்டு என்று சொல்லாதீர்கள் அக்கா. மேஸ்திரிக்குப் பன்னிரண்டு வயது. நாய் வயதில் அவன் உங்களுக்கே அண்ணன். ஒரு கண்ணில் வெண்படலம் முழுசாக விழுந்துவிட்டது, இன்னொன்றில் ஆரம்பித்திருக்கிறது. நோம்பியன்று காலையில் நீங்கள் கடைக்குப் போனபோது நான் பின்னாலேயே வந்தேன். நிறுத்தியிருந்த பைக்கில் அவன் முட்டினான். அவன்மேல் நீங்கள் முட்டினீர்கள். உங்கள்மேல் பால்காரர் முட்டினார். நீங்கள் பால்காரரைத் திட்டினீர்கள்.

தாராபுரத்தில் டாக்டரிடம் காட்டினேன். ஓய்வு கொடுக்கச் சொன்னார். தோட்டத்துச் சாளை வீட்டில் நிழலாகப் படுத்திருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான்.

உங்கள் பக்கத்து வீட்டுச் சந்தனத்திடம் சொல்லியிருக்கிறேன். கையைப் பிடித்துக் கம்பெனிக்குக் கூட்டிப் போவாள். ஆனால் நீங்களும் எத்தனை காலம்தான் அலைவீர்கள்? கார்த்திகை வரைக்குமாவது தெருப்பக்கம் போகாமல் வீட்டிலேயே இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுள்ள தம்பி,
செல்வக்குமார்


வேலம்பாளையம்
22 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

நான் நலம் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். சரி.

வெண்படலம் என்று எனக்குச் செய்தி சொல்கிறாய். தினமும் அவன் முகத்தை ஈரத்துணியால் துடைத்தது யார், நீயா? பார்வை குறைந்தால் வேலையை விட வேண்டும் என்பது சட்டமானால் நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே விட்டிருக்க வேண்டும். பால்காரர் விஷயத்தில் தவறு பால்காரருடையது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியுமல்லவா?

சந்தனம் வந்தாள். நல்லவள்தான். கரும்பு வண்டி இழுக்கிறவள்போல என் கையை இழுக்கிறாள். போதாததற்கு நடந்துகொண்டே இன்னொரு கையால் என் உள்ளங்கையில் அவள் மாமியார் கதையை எழுதுகிறாள். நடுரோட்டில், கதை சூடுபிடித்த இடத்தில், நின்றுவிட்டாள். லாரி போன காற்று என் முகத்தில் அடித்தது. "ஏனக்கா பயந்துட்டீங்களா?" என்று எழுதினாள். "பயமில்லை கண்ணு, மாமியார் அப்புறம் என்ன சொன்னா?" என்று கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. மறுநாள் இன்னும் மெதுவாக நடந்தாள்.

திங்கட்கிழமை அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உன் கோலை எடுத்துக்கொண்டு போனேன். கோல் ஒரு பையன் காலுக்கு நடுவில் புகுந்து அவன் விழுந்தான். வடநாட்டுப் பையன். எழுந்து, நான் நீட்டிய உள்ளங்கையில் இந்தியில் நீளமாக எழுதினான். மன்னிப்பா வசவா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாக "சரி சாமி" என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு கம்பெனிக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்டது இதுதானே?

கார்த்திகை வரைக்கும் என்கிறாய். அது என்ன கணக்கு? எல்லோருக்கும் நல்லது என்கிறாய். அந்த எல்லோரும் யார்?

சித்ரகலாவுக்கு இடுப்பு வலி குறைந்ததா?

நஞ்சம்மாள்


குண்டடம்
3 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சித்ரகலா இடுப்பு பரவாயில்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தோட்டத்தில் வேலை.

நீங்கள் கேட்டவற்றுக்கு நேரில் பேசும்போது சொல்கிறேன். இப்போது மேஸ்திரியைப் பற்றி ஒரு சந்தேகம்.

உண்மையைச் சொல்கிறேன், அவன் இங்கே வந்து சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றில் கறிக்குழம்பு ஊற்றி வைத்தும் மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். நீங்கள் தைத்த பட்டையையும் கொண்டுவந்திருந்தேன். சும்மா அதை மாட்டிப் பார்த்தேன். உடனே எழுந்து நின்று, உடம்பை உதறி, தட்டைக் காலி செய்துவிட்டான். அதிலிருந்து பட்டையைக் கழற்ற விடுவதில்லை.

அதோடு விட்டால் பரவாயில்லை. அவன் என்னைக் குருடன் என்று முடிவு செய்துவிட்டான் அக்கா. சாளைக்கு வெளியே கால் வைத்தால் பக்கத்தில் வந்து கைப்பிடியை என் கையில் இடிக்கிறான். பிடிக்காவிட்டால் காலைச் சுற்றுகிறான். வாய்க்கால் வந்தால் உட்கார்ந்துகொள்கிறான். நான் தாண்டினால் உறுமுகிறான். ஐம்பத்தைந்து வருஷமாகத் தாண்டுகிற வாய்க்கால். நேற்றுத் தண்ணீர் மாற்றிவிட முடியவில்லை. சித்ரகலா கூலிக்காரர்கள் எதிரில் சிரிக்கிறாள்.

இதற்கு என்ன செய்வது?

செல்வக்குமார்


வேலம்பாளையம்
4 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

இதைப் படித்தபோது வீட்டில் தனியாகச் சிரித்தேன். எவ்வளவு சத்தமாக என்று எனக்குத் தெரியாது. சந்தனம் ஓடி வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அவன் உட்கார்ந்தால் நீ தாண்டியிருக்கக் கூடாது. நிற்க வேண்டும். காலால் விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். "தெரிஞ்சுதப்பா" என்று சொல்லி அவன் காதுக்குப் பின்னால் தட்ட வேண்டும். பிறகு எழுந்து தாண்ட ஏற்ற இடத்துக்குக் கூட்டிப் போவான். இதெல்லாம் தெரியாமல் ஒரு நாயைத் திருடலாமா? தாண்டிக் காட்டினால் அவன் என்ன நினைப்பான்? இவன் புதுக் குருடன், ஒன்றும் தெரியாதவன், இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பான். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். சாயங்காலம் இழுத்தால் டீக்கடைக்குப் போகிறான், தடுக்காதே. இங்கே சீனிச்சாமி கடையில் தினமும் அவனுக்கு ஒரு வர்க்கி உண்டு. சீனிச்சாமி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நேற்று வீடு தேடி வந்து என் கையில், "மேஸ்திரி இல்லாம கடையே நல்லால்ல, எப்ப வாரான்?" என்று எழுதிவிட்டுப் போனார். நீ வந்து பதில் சொல்.

நீ தோற்றுவிட்டாய். கொண்டுவந்து விட்டுவிடு.

மழை உண்டா அங்கே?

நஞ்சம்மாள்


குண்டடம்
30 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நலமும் இல்லை ஒன்றும் இல்லை. உங்கள் நாய் என் குடியைக் கெடுத்துவிட்டது.

ஊரில் எனக்குக் கண் போய்விட்டது என்று பேச்சு. டீக்கடைக்கு அவன் என்னை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் பரப்பிவிட்டார்கள். தாராபுரத்திலிருந்து சித்ரகலாவின் சித்தப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பழம் அழுகியிருக்கிறது என்று சொன்னேன். "தடவியே கண்டுபிடிச்சுட்டீங்களே மாப்ள" என்று இன்னும் அழுதார்.

அதைப் பொறுத்துக்கொண்டேன். நேற்று ஜோதிகாவைப் பெண் பார்க்க உங்கள் வேலம்பாளையம் கந்தவேல் குடும்பம் வந்தது. வரவேற்க ரோட்டுக்குப் போனேன். இவனும் வந்தான். அவர்கள் காரைக் கண்டதும் என் குறுக்கே வந்து நின்றுவிட்டான். நகர விடவில்லை. கார் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், நான் கும்பிட்ட கையோடு ஒரே இடத்தில் நிற்கிறேன். பிறகு கைப்பிடியை இடித்து என்னை நடத்திக்கொண்டு வந்து, படிக்கு முன்னால் உட்கார்ந்தான். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி நானும் பழக்கதோஷத்தில் காலால் படியைத் தடவினேன்.

கந்தவேல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்துங்கண்ணா, படி இருக்குதுங்க. எத்தன நாளா இப்படீங்க?"

"எனக்கு நல்லாத் தெரியுதுங்க" என்றேன்.

"ஆமாங்க, மொதல்ல எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்றார். அவர் சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு, கலந்து பேசிச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். பையன் குணா தங்கமான பையன். ஜோதிகாவுக்கும் பிடித்திருந்தது. இப்போது என்னோடு பேச மாட்டேன் என்கிறாள்.

இந்த நாயை என்ன செய்வது?

செல்வக்குமார்


வேலம்பாளையம்
2 அக்டோபர் 2024

செல்வக்குமாருக்கு,

எல்லோரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சில கேள்விகள். ஜோதிகாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பது எனக்கு ஏன் தெரியாது? நான் அவளுக்கு அத்தை. அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவள் நான்.

கந்தவேல் வீடு நான் கம்பெனிக்குப் போகிற வழியில் இருக்கிறது. பெயரைச் சொன்னவுடன் சீனிச்சாமி எழுதிக் காட்டிவிட்டார். நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு குருட்டுச் செவிட்டுக் கிழவி தினமும் அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போனால் அவள் உன் அக்கா என்று சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு என்றைக்காவது தெரிந்துவிடும். நாயை எடுத்துவிட்டால் கிழவி வீட்டோடு கிடப்பாள். கார்த்திகையில் நிச்சயம் முடிந்துவிடும். எல்லோருக்கும் நல்லது.

மேஸ்திரிக்கு ஓய்வு கொடுத்தாயா, எனக்குக் கொடுத்தாயா?

பதில் எழுது.

நஞ்சம்மாள்


வேலம்பாளையம்
27 அக்டோபர் 2024

செல்வக்குமாருக்கு,

நீ பதில் எழுதவில்லை. அதுவே பதில்தான். தீபாவளி வருகிறது, குடும்பத்தோடு நலமாக இரு.

நான் போன ஞாயிற்றுக்கிழமை கந்தவேல் வீட்டுக்குப் போனேன்.

யார் கையையும் பிடிக்கவில்லை. உன் வெள்ளைக் கோலோடு போனேன். இந்த மாதம் முழுக்கத் தினமும் அதைச் சந்தில் பழகினேன். கோலைத் தரையோடு தரையாக ஓட்ட வேண்டும், நான் முதலில் தேங்காய் பறிக்கிறவள்போலத் தூக்கிப் பிடித்திருந்தேன். கோலுக்கு மூளை கிடையாது. ஆனால் வம்பும் கிடையாது. சீனிச்சாமி கடையை அடைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார், அவர்கள் பேசுவதை என் கையில் எழுதுவதற்காக மட்டும்.

"ஏனுங்க, நான் ஜோதிகாவோட அத்தைங்க, குண்டடம் செல்வக்குமாருக்குக் கூடப் பொறந்த அக்கா" என்றேன்.

சீனிச்சாமி எழுதினார்: "நீங்க வடக்க ஆசிரமத்துல இருக்கதால்லா சொன்னாவளாம்."

நான் ஆசிரமத்தில் இருக்கிறேனாம். என் இருப்பிடம் எனக்கே தெரியாது என்று நினைத்துவிட்டாயா?

உன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். "வந்துட்டனுங்க, ஆசிரமத்துல சோறு சரியில்லீங்க" என்று சொன்னேன். எந்த ஆசிரமம் என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குப் பொய் பழக்கமில்லை, ஒன்றுக்குமேல் வரவில்லை. முழுவதையும் சொல்லிவிட்டேன். மூளைக்காய்ச்சலைச் சொன்னேன். இது ரத்தத்தில் வருவதல்ல என்று சொன்னேன். "எந்தம்பிக்குக் கண்ணு கழுகுக் கண்ணுங்க, புத்திதான் மங்கல்" என்றும் சொன்னேன். என் குரல் எனக்குக் கேட்காது. தெருவே வாசலில் கூடிவிட்டது என்று சீனிச்சாமி பிறகு எழுதினார்.

கந்தவேலுக்குக் கோபம். நியாயமான கோபம். "கண்ணு தெரியாதது குத்தமில்லீங்க. கூடப் பொறந்தவங்களையே மறைச்சவரு இன்னும் என்னென்னத்த மறைச்சிருப்பாரு?" என்று கேட்டார். அவர் சம்சாரம் உனக்காக அழுததை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு என்னைத் திட்டினாள். சீனிச்சாமி அதை எழுதவில்லை. அவள் கையை ஆட்டிய காற்று வந்தது.

பையன் குணா மட்டும் என் பக்கத்தில் வந்து, தானே என் கையில் தமிழில் எழுதினான். "நீங்க நாய் கூடப் போவீங்களே அத்த. நாயெங்க?" இத்தனை நாளில் என்னைத் தெரிந்தவர்களைத் தவிர மேஸ்திரியை விசாரித்தவன் இவன் ஒருவன்தான். எனக்கு இந்தப் பையனைப் பிடித்துவிட்டது.

கிளம்பும்போது கந்தவேல் சொன்னது இது: "நிச்சயத்துக்கு நீங்க முன்னால வந்து தட்டு மாத்தறதா இருந்தா நாங்க வர்றோமுங்க. இல்லைன்னா வேற எடம் பாத்துக்கச் சொல்லீருங்க."

நான் வருவதும் வராததும் இன்னும் முடிவாகவில்லை.

நஞ்சம்மாள்


குண்டடம்
8 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆமாங்க அக்கா. இதற்கு முன் வந்த இரண்டு இடம் உங்களைப் பற்றிக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டது. மூன்றாவதும் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். அதைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று நாயின் கண்ணைக் காரணம் சொன்னேன். ஜோதிகா இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குச் சோறு போடுவது அவளும் இல்லை, அவள் அம்மாவும் இல்லை. நானே போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கண்படலம் பொய்யில்லை. இந்த மாதம் இன்னும் மோசம். நேற்று வாய்க்கால் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. உட்காராமல் நேராக நடந்தான். நான்தான் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினேன். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்களிடம் கொண்டுவந்து விடுகிறேன். ஆனால் அவனால் இனிமேல் உங்களைக் கூட்டிப் போக முடியாது. இதை எழுதாமல் விட்டால் மறுபடி ஒன்றை மறைத்ததாகிவிடும்.

தட்டு மாற்ற வாருங்கள் அக்கா. எப்படிச் சொல்கிறீர்களோ அப்படிச் செய்கிறேன்.

உங்கள் தம்பி,
செல்வக்குமார்


வேலம்பாளையம்
11 நவம்பர் 2024

தம்பி செல்வக்குமாருக்கு,

நான் நலம். நீ நிஜமாகக் கேட்டதால் சொல்கிறேன்: மழைக்கு முழங்கை வலிக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை, பாதத்துக்குப் பக்கத்தில் படுக்க ஆள் இல்லை.

வாய்க்கால் விஷயத்தை நாலு முறை படித்தேன். விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே புள்ளிகள்தான் எழும்பின. சரி.

நிச்சயத்துக்கு வருகிறேன். நீ கேட்டதற்காக இல்லை. என்ன நடக்க வேண்டும் என்று எழுதுகிறேன், யாரும் மாற்றக் கூடாது.

மேஸ்திரியை நீயே கூட்டிக்கொண்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். ஆள் அனுப்பக் கூடாது. வேனில் முன்சீட்டில் அவன், சன்னல் திறந்திருக்க வேண்டும்.

வந்ததும் என் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, எங்கள் அக்கா ஆசிரமத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறார் என்று நீ சொல்ல வேண்டும். சந்தனம் கூட வந்து நீ சொல்கிறாயா என்று பார்ப்பாள். அவள் கதை சொன்னால் நின்று கேட்க வேண்டும்.

கந்தவேல் சம்சாரத்திடம் சித்ரகலா பேச வேண்டும், நீ பேசக் கூடாது. நீ பேசினால் இருப்பதும் கெட்டுவிடும்.

குணாவிடம் ஜோதிகாவே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், நம் வீட்டில் யாருக்கு என்ன வியாதி, யாருக்கு என்ன குணம் எல்லாம். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் கல்யாணம்.

நிச்சயத்தன்று தட்டு மாற்ற நான் என் கோலோடு நானாக நடந்து வருவேன். எழுந்து வந்து யாரும் கையைப் பிடிக்கக் கூடாது. நாற்காலிகளை வழியில் போடாமல் பார்த்துக்கொள்வது மண்டபத்துக்காரர் வேலை. சீனிச்சாமி என் வலப்பக்கம் உட்கார்ந்து நடப்பதை எல்லாம் எழுத வேண்டும், யார் முகத்தைச் சுளித்தார்கள் என்பது உட்பட. அவருக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுப்பது உன் பொறுப்பு.

கம்பெனிக்குத் திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். வலது கையில் கோல். இடது கையில் மேஸ்திரி. குழி வந்தால் நான் நின்று, அவன் தோளைத் தட்டி, சுற்றிக் கூட்டிப் போவேன். வண்டி வந்து காலடியில் தரை அதிர்ந்தால் அவனுக்குக் குறுக்கே நான் நிற்பேன். பட்டையைக் கழற்ற மாட்டேன், அவனுக்கு அது வேண்டும். கைப்பிடியை மட்டும் நீளமாக வைத்துத் தைக்க நாடா வாங்கி வா.

மேஸ்திரி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. நிச்சயத்தன்று என் காலடியில் படுத்து, எத்தனை வண்டி வந்தாலும் எத்தனை பேர் என்னைத் தாண்டிப் போனாலும் எழுந்திருக்காமல் தூங்க வேண்டும். இதை அவனுக்குப் பழக்குவதுதான் ரொம்பக் கஷ்டம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா,
நஞ்சம்மாள்